ஓட்டை போடும் முன் விளக்கைப் பாருங்கள்

புரட்டாசி பாதியிலேயே எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தட்டும் சத்தம் ஆரம்பித்துவிடும். கார்த்திகைக்குள் லாந்தர் வேலை முடிய வேண்டும் என்பது என் கணக்கு. ஐ.டி.ஐ.யில் தகட்டு வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலம் முழுக்கப் புனல், வாளி, கருவிப் பெட்டி, ஏ.சி. டக்ட் என்று உபயோகப் பொருட்களாகவே செய்யவைத்தேன். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு பொருளைச் செய்ய இப்போதுதான் நேரம் வாய்த்திருக்கிறது. அப்படிப் பிடித்துக்கொண்டதுதான் துளை போட்ட பித்தளை லாந்தர். உள்ளே வெளிச்சம் வைத்தால் சுவர் முழுக்கப் புள்ளியும் கோடுமாக விழுமே, அது.

என்னிடம் படித்த ஒருவன் திருச்சி அரியமங்கலம் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறான். புதிதாக வீடு கட்டியிருக்கிறான், ஹாலில் மாட்ட ஒரு லாந்தர் வேண்டுமாம். "சார், உங்க டிசைனை மட்டும் போன்ல அனுப்புங்க. லேசர்ல வெட்டிக்கிறேன், மீதி நான் பார்த்துக்கிறேன்" என்றான்.

"டிசைன் இருக்கட்டும்பா. உள்ள என்ன விளக்கு வைக்கப் போறே? சுவர் எவ்வளவு தூரம்?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார். ஏதாவது ஒரு எல்.ஈ.டி. பல்ப்தான்."

இந்தப் பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது. லாந்தர் செய்கிறவர்கள் பெரும்பாலும் தகட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். தாமரை வரையலாமா, மயில் வரையலாமா என்று யோசித்து, மணிக்கணக்கில் குத்தி, பளபளவென்று தேய்த்து, கடைசியில் கையில் கிடைத்த பல்பை உள்ளே வைக்கிறார்கள். சுவரில் மங்கலாக ஏதோ விழுகிறது. தகட்டைக் குறை சொல்லிவிட்டு அதை ஷோகேஸில் வைத்துவிடுகிறார்கள். தகடு என்ன செய்யும்? விளக்கை முதலில் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஓட்டைக்கு நாம் என்ன வடிவம் கொடுக்கிறோமோ அதுதான் சுவரில் விழும் என்று தோன்றும். சின்ன ஓட்டை அப்படி நடந்துகொள்ளாது. ஓட்டை சின்னதாகவும் வெளிச்சம் புறப்படும் இடம் பெரிதாகவும் இருந்தால், சுவரில் விழுவது அந்த வெளிச்சத்தின் உருவம், அதுவும் தலைகீழாக. ஓட்டை சதுரமா, வட்டமா, நட்சத்திரமா என்பதைச் சுவர் கண்டுகொள்ளாது.

நம்ப முடியவில்லை என்றால் 2019 டிசம்பர் 26-ஆம் தேதி காலையை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு வளைய சூரிய கிரகணம். வளையம் முழுதாகத் தெரியும் பாதையில் கோயம்புத்தூர், திண்டுக்கல், கரூர், எங்கள் திருச்சி எல்லாம் இருந்தன. மேகம் விலகியபோதெல்லாம் எங்கள் தெரு வேப்பமரத்தடியில் தரை முழுக்கக் குட்டிக் குட்டி வளையங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஆனால் தரையில் விழுந்தது எல்லாம் ஒரே வளையம். என் மனைவி உள்ளே போய்ப் பூந்திக் கரண்டியை எடுத்து வந்து வெயிலில் பிடித்தாள். ஓட்டைக்கு ஒரு வளையமாக வரிசை வரிசையாக விழுந்தது. தெருப் பிள்ளைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மற்ற நாட்களில் மரத்தடியில் நாம் பார்க்கும் வட்ட வட்டமான வெயில் பொட்டுகளும் சூரியனின் உருவம்தான். சூரியன் எப்போதும் வட்டமாக இருப்பதால் நமக்கு அது தோன்றுவதில்லை.

லாந்தருக்கும் இதே விதிதான். கணக்கும் சுலபம். என் வழக்கமான லாந்தர் 15 செ.மீ. விட்டமுள்ள உருளை. விளக்கு நடுவில் இருக்கும், ஆகவே விளக்கிலிருந்து ஓட்டைக்கு ஏழரை சென்டிமீட்டர். விளக்கிலிருந்து சுவர் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஓட்டையிலிருந்து சுவருக்கு 67.5 செ.மீ., உள்ளே இருக்கும் தூரத்தைப் போல ஒன்பது மடங்கு. ஓட்டையின் அகலம் சுவரில் பத்து மடங்காகும், விளக்கின் அகலம் ஒன்பது மடங்காகும். இரண்டையும் கூட்டினால் சுவரில் விழும் புள்ளியின் அளவு கிடைத்துவிடும். தகட்டில் பக்கத்துப் பக்கத்து ஓட்டைக்கு நடுவில் விட்ட இடைவெளியும் பத்து மடங்காகும். புள்ளி அந்த இடைவெளியைவிடப் பெரிதாகிவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எல்லாம் கலந்துபோகும்.

இப்போது மூன்று விளக்குகளைப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டை இரண்டரை மில்லிமீட்டர், இடைவெளி 13 மி.மீ. சுவரில் அது 13 செ.மீ. இடைவெளியாக விரியும்.

கடையில் கிடைக்கும் பால் நிற எல்.ஈ.டி. பல்பின் உருண்டை ஆறு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஒன்பது மடங்கு என்றால் 54 செ.மீ. ஒவ்வொரு ஓட்டையும் அரை மீட்டர் அகலத்துக்கு ஒரு மங்கலான திட்டைப் போடும், அத்தனையும் ஒன்றாகக் கலக்கும். கோலமாவது தாமரையாவது, சுவர் வெறுமனே வெளுத்துத் தெரியும். என் மாணவன் வைக்கப்போவது இதைத்தான்.

அடுத்தது அகல் விளக்கு. சுடர் ஒரு சென்டிமீட்டர் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால், சுவரில் ஒன்பது சென்டிமீட்டர் அகலமும் இருபத்திரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரமும் உள்ள தலைகீழ்ச் சுடர் விழும். 13 செ.மீ. இடைவெளிக்கு அது மிகப் பெரிது. ஆனால் ஓட்டைகளை மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளிப் போட்டால் சுவரில் 30 செ.மீ.க்கு ஒரு சுடராகத் தனித்தனியே நிற்கும். உள்ளே திரி அசைந்தால் அத்தனை சுடரும் ஒரே நேரத்தில், எதிர்ப்பக்கமாக அசையும். இதற்கு எந்த டிசைனும் வேண்டாம். கரெண்ட் போன ராத்திரியில் இதைப் பார்த்தவர்கள் வேறு லாந்தர் கேட்கமாட்டார்கள்.

மூன்றாவதுதான் கோலம் போட ஏற்றது. பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 10 வாட் பல்ப், கண்ணாடி தெளிவாக இருக்கிற பழைய வகை. டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். அதன் இழை அரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், வெளிச்சமும் நாலு பக்கமும் போகும். சுவரில் புள்ளி ஆறேழு சென்டிமீட்டருக்குள் நிற்கும், 13 செ.மீ. இடைவெளியில் தனித்தனியாகத் தெரியும். பத்து வாட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்தால் தாராளமாகப் போதும். வீட்டு மின்சாரம் லாந்தருக்குள் நுழையவே வேண்டியதில்லை. உலோகக் கூட்டுக்கு அதுதான் பத்திரம்.

ஆக, நான் செய்வது இரண்டு வகை. தீபத்துக்கு ஒன்று, பல்புக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே லாந்தரை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம், இரண்டுமே அரைகுறையாக இருக்கும்.

தகட்டுக்கு வருவோம். 26 கேஜ் பித்தளைத் தகடு, கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 24 கேஜ் கொஞ்சம் கெட்டி, குத்தும்போது மணிக்கட்டு வலிக்கும். 28 மெல்லியது, கையில் பிடித்தாலே நெளியும். பெரிய கடை வீதியில் எடை போட்டுத்தான் தருவார்கள். என் உருளைக்கு ஏறத்தாழ அரைக் கிலோ பிடிக்கும், மூடிக்கும் அடித்தட்டுக்கும் தனி. முதல் தடவை செய்கிறவர்கள் பித்தளையில் காசு போட வேண்டாம். ஹோட்டல்களில் எண்ணெய் தீர்ந்து வெளியே வரும் 15 கிலோ டின் ஒன்று வாங்குங்கள். அது இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசியது. நன்றாக வெட்டுப்படும், பற்றும் (சால்டரிங்) சுலபமாகப் பிடிக்கும். ஜி.ஐ. ஷீட் மட்டும் வேண்டாம். அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. பர்னர் வைத்துச் சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். வெல்டிங் பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடையில் வாங்கும் பித்தளை பெரும்பாலும் விறைப்பாக இருக்கும். மாலை மங்கலில், வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து, புளோ லேம்ப்பால் பரவலாகச் சூடு காட்டுங்கள். தகடு லேசாகச் சிவக்கும், இருட்டில்தான் அந்தச் சிவப்பு தெரியும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பித்தளைக்குள்ளும் துத்தநாகம் இருக்கிறது, ரொம்பச் சூடேறினால் அதுவும் புகையாகக் கிளம்பும். ஆறியதும் பிடித்துப் பாருங்கள், விறைப்பு போய்த் தகடு சொன்னபடி வளையும். அடி விழ விழ மறுபடி இறுகும் என்பது பித்தளையின் குணம். கடைசியில் லாந்தர் கெட்டியாக நிற்பதற்கு அந்தக் குணம்தான் உதவுகிறது.

வெட்டு அளவு: 15 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 471 மி.மீ. இரண்டு ஓரத்தையும் கொக்கி போல மடித்து ஒன்றுக்குள் ஒன்று மாட்டி அடிக்கும் மூட்டு போடுவேன். மூட்டின் அகலம் 6 மி.மீ. என்றால் அதற்கு மூன்று மடங்கு, 18 மி.மீ., கூடுதலாக விட வேண்டும். ஆக நீளம் 489. உயரம் 250, மேலும் கீழும் விளிம்பு மடிக்க ஐந்து ஐந்து சேர்த்து 260. கத்தரியால் வெட்டும்போது வாயை முழுக்க மூடாதீர்கள். நுனி சேரும் இடத்தில் தகடு பிசிறடிக்கும், அந்தப் பிசிறுதான் கையைக் கிழிக்கும். முக்கால் வாய் மூடி, மறுபடி உள்ளே தள்ளி வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டி முடித்ததும் ஓரத்தில் அரம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

இனி டிசைன். என் வீட்டில் இதற்கு அதிகாரி என் மனைவி. மார்கழி முழுக்க வாசலை நிறைக்கிறவள். கிராஃப் தாளில், மூட்டுக்கு விட்டது போக 471 மி.மீ. நீளத்துக்குப் புள்ளி வைத்துக் கொடுப்பேன், அவள் புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலம் போடுவாள். புள்ளி வைப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. உருளையைச் சுற்றிக் கடைசிப் புள்ளியும் முதல் புள்ளியும் சரியான இடைவெளியில் சேர வேண்டும். 471-ஐ 36-ஆல் வகுத்தால் 13 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூட. அதனால் சுற்றி 36 புள்ளி. முப்பத்தாறு நல்ல எண். நாலு, ஆறு, ஒன்பது என்று எப்படி வேண்டுமானாலும் கோலத்தைத் திருப்பித் திருப்பிப் போடலாம், மிச்சம் விழாது.

நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்றால், லாந்தருக்கு ஊடுபுள்ளிதான். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், இதற்கு வேலைக் காரணமே இருக்கிறது. நேர்ப்புள்ளியில் ஓட்டைகள் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் நிற்கும். ஓட்டை விழுந்த கோடு பலம் குறைந்த கோடு. உருளையாகச் சுருட்டும்போது தகடு அந்தந்தக் கோட்டிலேயே முறிந்து வளையும், வட்டமாக வராமல் பட்டை பட்டையாக நிற்கும். ஊடுபுள்ளியில் ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி உட்காருவதால் மேலிருந்து கீழே நேராக ஓடும் கோடு பலவீனப்படுவதில்லை, தகடு ஒரே சீராக வளைகிறது. வரிசைக்கு வரிசை 11 மி.மீ. கொஞ்சம் கூட விட்டால் மூன்று புள்ளிக்கு மூன்று புள்ளி சம தூரம் வந்துவிடும்.

தாளை ஒருநாள் ஒட்டப் போகும்போது அவள் தடுத்தாள். "என்னங்க, சிக்குக் கோலத்துல கோடு புள்ளியத் தொடக் கூடாது. சுத்தித்தான் போகணும். இந்த இடத்துல உங்க ஓட்டை புள்ளிகிட்டப் போயிடுச்சு பாருங்க" என்றாள். அதிலிருந்து, கோடு இரண்டு புள்ளிக்கு நடுவே சரியாக ஆறரை மில்லிமீட்டரில் போக வேண்டும் என்று விதியே வைத்துக்கொண்டோம். புள்ளிக்கு இரண்டரை மில்லிமீட்டர் ஓட்டை. கோட்டுக்கு 1.2 மி.மீ. ஓட்டை, நாலு மில்லிமீட்டருக்கு ஒன்று. அந்தச் சின்ன ஓட்டைகள் சுவரில் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டு, இழுத்த கோடாகவே தெரியும். புள்ளியின் ஓட்டைப் பரப்பு கோட்டு ஓட்டையைப் போல நாலு மடங்குக்கு மேல் என்பதால் புள்ளி பளிச்சென்றும் கோடு அடக்கமாகவும் விழும். வாசலில் அவள் போடும் கோலத்தில் எது முதலில் கண்ணில் படுமோ, சுவரிலும் அதே வரிசையில் கண்ணில் படுகிறது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இது. உருளை முழுக்கச் சிக்குப் போட வேண்டாம். பல்ப் இருக்கும் உயரத்தில் நடுவில் ஒரு பட்டை போதும். மேலும் கீழும் சாய்ந்து விழும் புள்ளிகள் நீண்டுவிடும், அங்கே தனிப்புள்ளி மட்டும் வைத்தால் அதுவே அழகு.

தாளைக் கோந்து தடவித் தகட்டில் ஒட்டிக் காயவிடுங்கள். அடியில் வைக்க, கறிக்கடையில் வைத்திருப்பார்களே, அந்தப் புளியமரக் கட்டை. மரத்தைக் குறுக்கே அறுத்த முகம்தான் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் அடி தாங்கும், உளி முனையைக் கவ்வாது. பக்கவாட்டுப் பலகை இரண்டே வரிசையில் குழி விழுந்துவிடும், குழி விழுந்த இடத்தில் தகடும் தொங்கும். சிலர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்து, உள்ளே ஐஸ் இருக்கும்போது வெளியிலிருந்து குத்துகிறார்கள். சின்ன டப்பாவுக்கு நல்ல வழிதான். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரியும், அதனால் முழுக்க ஊற்றக் கூடாது. அடி உப்பிக்கொள்ளும். பெரிய வேலைக்குத் தட்டையாக வைத்துக் குத்திவிட்டுப் பிறகு சுருட்டுவதே சரி.

உளிக்குக் கான்கிரீட் ஆணிகள். கெட்டியான எஃகு, நுனி மழுங்காது. கிரைண்டரில் கூம்பாகத் தீட்டி, ஒவ்வொரு ஆணியிலும் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டுமோ அங்கே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு வரை இறங்கினால் அந்த அளவு ஓட்டை. கால் கிலோ சுத்தியல், ஒரே அடி. இரண்டு அடி அடித்தால் ஆணி நகர்ந்து ஓட்டை நீள்வட்டமாகிவிடும். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகப் போங்கள். ஒரு மூலையில் ஆரம்பித்தால் தகடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு முறுக்கிக்கொள்ளும். ஒரு பட்டை முடிந்ததும் தகட்டைத் திருப்பிப்போட்டு, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) லேசாகத் தட்டிச் சமப்படுத்திக்கொண்டு அடுத்த பட்டை. அக்கம்பக்கத்தில் மதியத் தூக்கம் போடுகிறவர்கள் இருப்பார்கள். அதனால் எங்கள் தெருவில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் குத்து வேலை.

லேசர் பற்றி என் மாணவன் சொன்னதற்குப் பதில் இங்கேதான் வருகிறது. லேசரில் வெட்டிய ஓட்டை துல்லியமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் லேசர் உலோகத்தை எடுத்துவிடுகிறது. ஆணி எடுப்பதில்லை, ஒதுக்குகிறது. ஒதுங்கிய பித்தளை ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன உதடாக எழுந்து நிற்கும். இத்தனை உதடுகள் சேர்ந்து மெல்லிய தகட்டுக்கு விறைப்புக் கொடுக்கின்றன. அதைவிட முக்கியம், உள்ளிருந்து வரும் வெளிச்சம் அந்த உதட்டில் பட்டு மினுங்கும். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் ஒவ்வொரு ஓட்டையும் பொன் நிறத்தில் தெரியும். லேசர் ஓட்டையைச் சாய்ந்து பார்த்தால் இருட்டுதான். மொராக்கோவில் மராகேஷ் நகரத்தில் தகர வேலைக்காரர்களுக்கென்றே ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்கத்திய லாந்தர்களின் மினுமினுப்புக்கும் கையால் குத்துவதே காரணம் என்று நினைக்கிறேன். நான் உள்பக்கத்திலிருந்து குத்துவேன், உதடு வெளியே நிற்கும். பிறகு 220 எமரித் தாளை ஒருமுறை ஓட்டினால் கூர் போய்விடும், குழந்தைகள் தொட்டாலும் கீறாது.

சுருட்டுவதற்கு நாலு அங்குல ஜி.ஐ. பைப் ஒன்றை மேசையில் கட்டிவைத்துக்கொள்வேன். முதலில் மேல், கீழ் விளிம்பை மடித்து, பக்க ஓரங்களில் கொக்கியையும் மடித்துவிட்டு, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பது. சுத்தியல் படவே கூடாது, உதடெல்லாம் நசுங்கிவிடும். கொக்கி இரண்டும் மாட்டிக்கொண்டதும் மூட்டின் மேல் மட்டும் கொட்டாப்புளியால் அடித்து இறுக்கலாம்.

மூடி கூம்பு. இதைப் போர்டில் வரைந்து காட்டும்போது வகுப்பில் பையன்கள் முகம் மலர்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கூம்பின் அடி விட்டம் 16 செ.மீ., அதாவது ஆரம் 8. உயரம் 6. அப்படியென்றால் சாய்வு உயரம் சரியாக 10. பத்து சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வெட்டி, 360-ஐ எட்டால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 288 பாகை. அதை வைத்துக்கொண்டு மீதி 72 பாகைத் துண்டை எடுத்துவிடுங்கள், ஒட்டுக்கு மட்டும் 6 மி.மீ. விட்டு. ஓரங்களைச் சேர்த்தால் கூம்பு நிற்கும். நுனியில் ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி விட்டு, அதற்கு மேல் இடைவெளி விட்டு ஒரு சின்னக் குடை வைக்க வேண்டும். சூடும் புகையும் போக வழி அதுதான். தீப லாந்தருக்கு அடித்தட்டைச் சுற்றியும் ஒரு வரிசை ஓட்டை கட்டாயம். கீழே காற்று நுழையாமல் மேலே புகை போகாது, சுடர் மூச்சுத் திணறிக் கரி பிடிக்கும். பக்க ஓட்டைகளைச் சின்னதாக வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றும் திரியை அணைக்காது. வாசலில் அகல் வைத்துவிட்டுத் தீப்பெட்டியோடு ஓடி ஓடி ஏற்றுகிற ஊர்தானே நம்முடையது.

பற்று வைப்பதில் ஒன்று கவனிக்க வேண்டும். அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் கலந்த பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும். அகல் சுடருக்கு நேர் மேலே இருக்கும் கூம்பு அந்தச் சூட்டை எட்டிவிடலாம். அதனால் தீப லாந்தரின் மூடியில் பற்றை நம்பாதீர்கள், பித்தளை ரிவெட் போடுங்கள். உருளையின் பக்க மூட்டுக்கு உள்பக்கம் மட்டும் ஒரு இழை பற்று ஓட்டினால் போதும். பற்று வைத்த இடத்தை சோடா உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பற்று பிடிப்பதற்காகத் தடவிய ஃபிளக்ஸ் மிச்சமிருந்தால் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை பூத்துவிடும். காரீயம் தொட்ட கையோடு காபி குடிக்கக் கூடாது என்பதை மாணவர்களுக்குச் சொன்ன அதே கண்டிப்போடு இங்கேயும் சொல்கிறேன்.

பளபளப்புக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். சூட்டில் மஞ்சளித்து உரியும். புளித் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும், உடனே கழுவித் துணியால் ஒற்றிவிட வேண்டும். பவுடர் போட்டுத் தேய்த்தால் ஓட்டைக்குள் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். நான் பல்ப் லாந்தரைத் தேய்ப்பதையே விட்டுவிட்டேன். பழுப்பேறிய பித்தளைக்கு நடுவில் ஓட்டை உதடு மட்டும் மின்னுவது இன்னும் நன்றாக இருக்கிறது.

மாணவனுக்கு என்ன சொன்னேன் என்றால், ஹாலுக்கு நடுவில் தொங்கவிட்டால் சுவர் மூன்று மீட்டர் தள்ளிப் போய்விடும், பத்து மடங்கு நாற்பது மடங்காகிவிடும். 13 மி.மீ. புள்ளி இடைவெளி சுவரில் அரை மீட்டராக விரியும், வெளிச்சமும் மெலியும். ஆகவே நடுவில் வேண்டாம், ஒரு மூலையில் இரண்டு சுவருக்குப் பக்கமாக மாட்டு, இண்டிகேட்டர் பல்ப் போடு என்றேன். யோசித்துவிட்டு, "சார், அப்ப லாந்தரையே பெரிசாக்கிட்டா?" என்று கேட்டான். சரியான கேள்வி. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விளக்குக்கும் ஓட்டைக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்காகும், சுவரில் உருவம் பெருகுவது பாதியாகக் குறையும், புள்ளி இன்னும் கூர்மையாக விழும். ஒரு அடி விட்டத்தில் செய்வதாக இருக்கிறான். அந்த அளவுக்கு 24 கேஜ் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆணியால் குத்திப் பார்க்கவும் சம்மதித்திருக்கிறான்.

சென்னையில் இருக்கும் மகளுக்கு உருளை வேண்டாமாம், அறுகோணம் வேண்டுமாம். தட்டையான ஆறு பக்கம் என்றால் பக்கத்தின் நடுவில் இருக்கும் ஓட்டை விளக்குக்குக் கிட்டத்திலும், மூலையில் இருக்கும் ஓட்டை எட்டவும் இருக்கும். நடுப்புள்ளி பெரிதாகவும் மூலைப்புள்ளி சின்னதாகவும் விழும். அதற்கு ஏற்ற மாதிரி ஓட்டை அளவை மாற்ற வேண்டுமா, அப்படியே விட்டுவிட்டால் கோலம் நடுவில் மலர்ந்த மாதிரி வருமா என்று நானும் என் மனைவியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தாளில் முடிவாகாது போலிருக்கிறது, எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் குத்திப் பார்க்க வேண்டும். அதற்குள் ஹால் சுவர் எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்து அனுப்ப மகளிடம் சொல்லியிருக்கிறேன்.